தோலில் தடுப்பூசி: செல்லைத் தொட்டுவிட்டால் போதுமா?

ஜனவரி 6 (ஒரு வாசகரின் கேள்வி)

தோலில்தான் நோய் எதிர்ப்புச் செல்கள் அதிகமாம். அதனால் தடுப்பூசியைத் தோலில் போட்டால் பத்தில் ஒரு பங்கு மருந்தே போதும் என்று படித்தேன். உண்மையென்றால் ஏன் இன்னும் எல்லா ஊசியும் தசையில் போகிறது? ஊசியே இல்லாமல் தடவுகிற களிம்பு, ஒட்டுகிற பேட்ச் என்றும் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

பாதி சரி. அந்தச் செல்கள் தோலில் அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. "பத்தில் ஒரு பங்கு" என்பதுதான் பொத்தாம்பொதுவான பேச்சு. ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று நம்பிச் சொல்லத்தக்கவை சில இருக்கின்றன. போலியோ ஊசி மருந்தின் முழு அளவு 0.5 மி.லி., தோலுக்குள் போட்டால் 0.1 மி.லி. 2022இல் குரங்கம்மை பரவி மருந்து தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்காவில் இதே கணக்கில்தான் தோலுக்குள் போட அனுமதித்தார்கள். வெறிநாய்க்கடிக்கும் ஓர் இடத்துக்கு 0.1 மி.லி. தான். மற்ற மருந்துகளுக்கு இதை அப்படியே நீட்டிக்க முடியாது.

எல்லா ஊசியும் தசையில் போகிறது என்பதும் சரியில்லை. காசநோய்க்கான பிசிஜி தோலுக்குள்தான் போகிறது. அந்தக் காலத்தில் பெரியம்மைக்குக் குத்தியதும் தோலில்தான். 1960களில் வந்த பிளவு ஊசியை நினைத்துப் பாருங்கள். நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும், அந்தப் பிளவில் ஒரு துளி மருந்து நிற்கும், மேல்கையில் பதினைந்து தரம் விடுவிடுவென்று குத்துவார்கள். பழைய முறைக்குத் தேவைப்பட்டதில் கால்பங்கு மருந்து போதுமானதாக இருந்தது. 1980இல் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மனிதருக்கு வரும் நோய்களில் முற்றாக ஒழிந்தது அது ஒன்றுதான். ஒழித்தது தோல் வழித் தடுப்பூசி.

நான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் செவிலியர். பிசிஜி போட்டுப் பழகிய கை. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்துகள் உண்டு. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 7

முதலில் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக இருக்கட்டும்.

தோலின் மேலே செத்த செல்களால் ஆன ஓர் அடுக்கு இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மருந்தைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அதுதான். அதன் கீழே உயிருள்ள மேல்தோல். இரண்டும் சேர்ந்தாலே சுமார் 0.1 மி.மீ. தான். அதற்கும் கீழே ஒன்றிரண்டு மி.மீ. தடிமனில் உள்தோல். அப்புறம் கொழுப்பு, அப்புறம் தசை.

மேல்தோலில் இருப்பவை லாங்கர்ஹான்ஸ் செல்கள். அங்கிருக்கும் செல்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை இவைதான். கிளைகளை நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு, மற்ற செல்களுக்கு இடையிலிருக்கும் இறுக்கமான இணைப்புகளின் ஊடே, வேலி உடையாமலே வெளியே துழாவிப் பார்க்கும். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த காட்சி இதுதான். உள்தோலில் வேறு வகை டென்ட்ரிடிக் செல்கள் இருக்கின்றன. ஆன்டிஜெனை, அதாவது மருந்தில் உடல் அடையாளம் காண வேண்டிய பொருளை, பிடித்தவுடன் இவை எல்லாம் நிணநீர்க் குழாய் வழியாக அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய், எதிர்ப்பை நடத்தும் வெள்ளையணுக்களான டி செல்களிடம் காட்டும். உள்தோல் செல்கள் ஏறத்தாழ ஒரு நாளில் போய்ச் சேரும். லாங்கர்ஹான்ஸ் செல்களுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும்.

தோலுக்குள் போடும் சாதாரண ஊசி எட்டுவது உள்தோலைத்தான். லாங்கர்ஹான்ஸ் செல்கள் இருப்பது அதற்கும் மேலே. "தோல் ஊசி லாங்கர்ஹான்ஸ் செல்லுக்கு" என்று பல கட்டுரைகளில் எழுதிவிடுகிறார்கள். மருந்தை நேரடியாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் உள்தோல் செல்கள்தான். செல்களே தூக்கிப்போகாத மருந்தும் நிணநீரோடு தானாக முடிச்சுக்குப் போய்ச் சேர்கிறது. நுண் துகள்களாக இருந்தால் இன்னும் சுலபமாகப் போகும்.

ஜனவரி 7, மதியம்

பெயர்க்காரணம் கேட்டவருக்கு: பால் லாங்கர்ஹான்ஸ் 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோது தங்கக் குளோரைடால் தோலுக்கு நிறமேற்றிப் பார்த்து இவற்றைக் கண்டார். கிளைகளைப் பார்த்துவிட்டு நரம்புச் செல்கள் என்று நினைத்தார். நூறு ஆண்டுக்கும் மேல் கழித்துத்தான் இவற்றின் வேலை புரிந்தது. டென்ட்ரிடிக் செல்லை 1973இல் விவரித்தவர்கள் ரால்ஃப் ஸ்டைன்மனும் ஜான்வில் கோனும். 2011இல் ஸ்டைன்மனுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு அவர் இறந்துபோனார். அந்தச் செய்தியை இப்போது படித்தாலும் மனசு கனக்கிறது.

ஜனவரி 9

"தோலுக்குள் போடுவது அவ்வளவு கஷ்டமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கஷ்டம்தான். அதுவும் பிறந்து ஒரு நாளே ஆன குழந்தைக்கு.

இடது மேல்கையைப் பின்பக்கமாகப் பிடித்துக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலை இழுத்து விறைப்பாக வைக்க வேண்டும். ஊசியின் சாய்வான வாய் மேலே பார்த்திருக்க வேண்டும். சிரிஞ்சு கிட்டத்தட்டத் தோலோடு படிந்து, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் போக வேண்டும். வாய் உள்ளே போனதும் நிறுத்தி, ஊசி முனையின் நிழல் தோலுக்கடியில் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் சரியான இடம். அப்புறம் அழுத்தும்போது கை எதிர்ப்பை உணர வேண்டும். மருந்து வழுக்கிக்கொண்டு சுலபமாக இறங்கினால் அது தோலுக்குக் கீழே போகிறது என்று அர்த்தம். சரியாகப் போனால் கண் முன்னே வெளுத்த மேடு ஒன்று எழும்பும், மயிர்த்துளைகள் குழிகுழியாகத் தெரிய, ஆரஞ்சுத் தோல் மாதிரி. அளவு 0.05 மி.லி. தான். அந்த மேடு கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும்.

மேடு எழும்பவில்லையென்றால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது. பிசிஜியில் அது சின்ன விஷயமில்லை. ஆழமாகப் போனால் சீழ்க்கட்டியும் அக்குளில் நெறிகட்டுவதும் கூடுதலாக வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். புத்திசாலிகளுக்கும் கை பழக நாளாகும். குழந்தை உதறும், தாய் பயப்படுவாள், வெளியே வரிசை நிற்கும். ஆய்வுக் கட்டுரையில் "தோலுக்குள் செலுத்தப்பட்டது" என்று மூன்று சொல்லில் முடிந்துவிடுகிற வேலை இது.

ஜனவரி 10

பிசிஜி போட்டுத் தழும்பு வரவில்லை, மறுபடி போட வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். தழும்பு இல்லை என்பதற்காக மறுபடி போடத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கமாக இரண்டு மூன்று வாரத்தில் சின்னக் கட்டி வரும், பிறகு அது உடைந்து புண்ணாகும், சில வாரங்களில் ஆறித் தழும்பாகும். பிதுக்காதீர்கள், களிம்பு தடவாதீர்கள், துணி கட்டாதீர்கள்.

ஜனவரி 13

இரண்டு மூன்று நாளாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. நானும் மற்றவர்களும் "செல் இருக்கும் இடத்துக்கு மருந்தைக் கொண்டுபோனால் வேலை முடிந்தது" என்ற மாதிரியே பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை.

டென்ட்ரிடிக் செல்லின் வேலை சண்டைக்கு ஆள் கூப்பிடுவது மட்டுமல்ல. "இது நம்முடையது, விட்டுவிடு" என்று டி செல்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அதே செல்தான். எதைச் சொல்லும் என்பது ஆன்டிஜெனோடு சேர்ந்து ஆபத்து அறிகுறி வந்ததா என்பதைப் பொறுத்தது. ஸ்டைன்மன் குழுவினர் எலிகளில் இதை அழகாகக் காட்டினார்கள். டென்ட்ரிடிக் செல்லின் மேலிருக்கும் டெக்-205 என்ற ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஆன்டிஜெனைக் கட்டி அனுப்பினார்கள். மருந்து துல்லியமாகச் செல்லுக்குப் போனது. தூண்டும் பொருள் எதுவும் கூட இல்லாதபோது கிடைத்தது சகிப்பு. தூண்டும் பொருளைச் சேர்த்தபோது அதே வழியில் பலமான எதிர்ப்பு கிடைத்தது.

இதற்கு இன்னொரு சாட்சி வேர்க்கடலை ஒவ்வாமைக்கான பேட்ச். காயமில்லாத தோலில் 250 மைக்ரோகிராம் வேர்க்கடலைப் புரதத்தை ஒட்டி வைக்கிறார்கள். நோக்கம் தடுப்பூசிக்கு நேர் எதிர், உடல் அந்தப் புரதத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் ஓராண்டு செய்த சோதனையின் முடிவு 2023இல் வெளியானது. பேட்ச் ஒட்டியவர்களில் 67 சதவீதம் பேரிடம் பலன் தெரிந்தது, வெற்றுப் பேட்ச் ஒட்டியவர்களில் 33.5 சதவீதம். தோலும் அதே தோல், செல்களும் அதே குடும்பம்.

அதனால் "எதிர்ப்புச் செல்லைக் குறிவைக்கிறோம்" என்று யாராவது சொன்னால் நான் அடுத்துக் கேட்பது, செல்லுக்கு மருந்தோடு சேர்த்து என்ன செய்தி அனுப்புகிறீர்கள் என்பதைத்தான். பிசிஜிக்கும் பெரியம்மை மருந்துக்கும் இந்தக் கவலை இல்லை, உயிருள்ள கிருமியே ஆபத்து அறிகுறியைச் சுமந்துவருகிறது. தோலைக் குத்துவதும் கொஞ்சம் உதவுகிறது. காயம்பட்ட மேல்தோல் செல்கள் இன்டர்லூக்கின்-1 போன்ற எச்சரிக்கைப் பொருள்களை வெளியிட்டுப் பக்கத்துச் செல்களை உசுப்புகின்றன. தடுப்பூசிக்கு வலியில்லாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் தோலுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பது நல்லதா என்று எனக்குச் சந்தேகம்.

ஜனவரி 14

"அப்படியானால் தசையில் போடுவது வீண்தானே, அங்கே அந்தச் செல்களே இல்லையே" என்று எழுதியவருக்கு:

அமைதியாக இருக்கும் தசையில் குறைவு என்பது சரி. ஆனால் மருந்தும் அதிலுள்ள தூண்டும் பொருளும் அங்கே போனதும் செல்கள் ரத்தத்திலிருந்து வந்து கூடிவிடும். கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் தசையில்தான் போடப்பட்டன, பிரமாதமாக வேலை செய்தன. இன்னொரு விஷயம், அலுமினிய உப்பு சேர்த்த தடுப்பூசிகளைத் தோலுக்குள் போட்டால் தடிப்பும் முடிச்சும் வந்து நாள்கணக்கில் அவதிதான். டெட்டனஸ் மாதிரியானவற்றை ஆழமாகத் தசையில் போடச் சொல்வது இதனால்தான். தயவுசெய்து யாரும் "கொஞ்சம் மருந்து போதுமாம்" என்று தசைக்கான ஊசியைத் தோலில் போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

ஜனவரி 18

களிம்புக்கு வருகிறேன். கேள்வியில் ஆசையைத் தூண்டியது அதுதான்.

தோல் மருத்துவத்தில் ஒரு பழகிய கணக்கு உண்டு: 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு காயமில்லாத தோலைத் தாண்டுவது அபூர்வம். தடுப்பூசிப் புரதங்கள் பல்லாயிரம் டால்டன். மேலே சொன்ன செத்த அடுக்கு அவற்றை உள்ளே விடாது. ஆனாலும் 1998இல் கிரெகரி க்ளென்னும் சகாக்களும் காலரா நச்சை எலிகளின் தோலில் வெறுமனே வைத்து ஆன்டிபாடி வரவைத்தார்கள். அந்த நச்சே வலுவான தூண்டுபொருள். எல்லோருக்கும் ஒரு பெரிய நம்பிக்கை வந்தது. அதன் உறவுக்கார நச்சு ஒன்றைப் பேட்சில் வைத்து, பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கப் பார்த்தார்கள். மேல் அடுக்கை லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் ஒட்டினார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா போன ஐரோப்பியப் பயணிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் ஆன்டிபாடி நன்றாக உயர்ந்தது. நோயோ நினைத்த அளவு குறையவில்லை. அதோடு அந்த முயற்சி நின்றது.

எனக்கு இது வெறும் தோல்விக் கதை இல்லை. ஆன்டிபாடி எண் ஏறியது என்று கைதட்டும் ஒவ்வொரு செய்தியையும் இப்போது இந்தச் சோதனையை நினைத்துக்கொண்டேதான் படிக்கிறேன்.

புதிதாக வந்திருக்கும் வேறொரு வழி எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எல்லோர் தோலிலும் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியாவை மாற்றியமைத்து, டெட்டனஸ் நச்சின் ஒரு துண்டை அதன் மேல் ஒட்டவைத்து, எலிகளின் தோலில் தடவினார்கள். எலிகளுக்கு டெட்டனஸிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஃபிஷ்பாக் குழுவினர் செய்தது, 2024 டிசம்பரில் வெளியானது. எலித்தோல் மெல்லியது, மயிர்த்துளை நிறைந்தது. மனிதத் தோலில் நடந்தால்தான் கொண்டாட்டம்.

ஜனவரி 21

பேட்ச். இங்கேதான் என் நம்பிக்கை முழுக்க இருக்கிறது, எழுத ஆரம்பித்தால் நிற்காது.

ஒட்டுவது மாதிரி தெரிந்தாலும் இது களிம்புப் பேட்ச் இல்லை. ஒரு சின்னத் தகட்டில் மில்லிமீட்டரை எட்டாத நீளத்தில் நிறைய ஊசிகள். சர்க்கரை, பாலிமர் போன்றவற்றோடு காய்ந்த மருந்தைக் கலந்து வார்த்திருப்பார்கள். அழுத்தி ஒட்டினால் செத்த அடுக்கைத் துளைத்து மேல்தோலிலும் உள்தோலின் மேற்பகுதியிலும் நின்று கரைந்துபோகும். லாங்கர்ஹான்ஸ் செல்லின் வீட்டு வாசலுக்கே மருந்து போகிறது. நரம்பு நுனிகளை அவ்வளவாகத் தொடாததால் வலி குறைவு.

காம்பியாவில் தட்டம்மை, ரூபெல்லா பேட்சைப் பெரியவர்களிடமும் ஒன்றரை வயதுப் பிள்ளைகளிடமும் ஒன்பது மாதக் குழந்தைகளிடமும் சோதித்தார்கள். முடிவு 2024இல் வந்தது. மணிக்கட்டில் ஐந்து நிமிடம் ஒட்டினார்கள். அதுவரை அந்த ஊசி போடாத குழந்தைகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மைக்கு எதிர்ப்பு உண்டானது, ரூபெல்லாவுக்கு எல்லோருக்கும். வழக்கமான ஊசிக்கு இணையான முடிவு. கவலைப்படும்படியான பக்கவிளைவு இல்லை, ஒட்டிய இடத்தில் தடிப்பும் நிற மாற்றமும்தான்.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். தட்டம்மை மருந்து பொடியாக வரும். திரவம் சேர்த்துக் கலக்க வேண்டும். கலந்த பின் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஒரு குப்பியில் பத்து டோஸ். மதியம் ஒரு குழந்தை மட்டும் வந்து நிற்கும். குப்பியை உடைத்தால் ஒன்பது டோஸ் வீண். உடைக்காவிட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும், அந்தத் தாய் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும். உடைத்துப் போடு என்பதுதான் சரியான விதி, நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனாலும் கையிருப்பைப் பார்த்துக்கொண்டே குப்பியைத் திறக்கும் அந்தத் தயக்கம் ஒவ்வொரு செவிலியருக்கும் தெரியும். பேட்சில் ஒரு குழந்தைக்கு ஒரு டோஸ். கலக்க வேண்டாம், குத்த வேண்டாம், சாய்வு பார்க்க வேண்டாம், குளிர்ச்சியைப் பற்றிய பதற்றமும் குறையும்.

ஜனவரி 22

ஊசியில்லா பீச்சுக் கருவியை விட்டுவிட்டேனே என்று ஒருவர் நினைவூட்டினார். நன்றி. திரவத்தை மெல்லிய பீச்சலாக வேகமாக அடித்துத் தோலுக்குள் செலுத்தும் கருவி. இந்தியாவில் 2021 ஆகஸ்டில் அவசர அனுமதி பெற்ற சைகோவ்-டி என்ற கோவிட் தடுப்பூசி அப்படித்தான் போடப்பட்டது. மனிதர்களுக்கு அனுமதி கிடைத்த முதல் டிஎன்ஏ தடுப்பூசி அது. டிஎன்ஏ செல்லுக்குள் நுழைந்தால்தான் வேலை செய்யும், பீச்சலின் வேகம் அதற்கு உதவுகிறது. பழைய காலக் கருவிகளில் ஒரே முனையை அடுத்தடுத்த ஆட்களுக்கு வைத்ததால் 1980களில் ஹெபடைடிஸ் பி பரவிய சம்பவம் உண்டு. இப்போதைய கருவிகளில் ஒருவருக்கு ஒரு முனை, பிறகு எறிந்துவிட வேண்டும்.

ஜனவரி 26

மருந்து மிச்சமாவது பற்றி முதல் நாள் எழுதியதோடு இரண்டைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, போலியோவில் ஒரு 0.1 மி.லி. டோஸ் ஒரு முழு டோஸுக்குச் சமம் இல்லை, குறைவுதான். இரண்டு சின்ன டோஸ்கள் சேர்ந்தால் ஒரு முழு டோஸைவிட மேல். அப்போதும் செலவாவது ஐந்தில் இரண்டு பங்கு மருந்துதான். 2016இல் உலக அளவில் போலியோ ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தியா இந்த வழியில்தான் சமாளித்தது.

இரண்டு, வெறிநாய்க்கடி. 0, 3, 7 ஆகிய நாள்களில் இரண்டிரண்டு இடத்தில் 0.1 மி.லி. என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்த முறை. மொத்தமே 0.6 மி.லி. தசையில் போட்டால் நான்கைந்து முழுக் குப்பிகள் ஆகும். ஆனால் திறந்த குப்பியை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நாய்க்கடியோடு நிறையப் பேர் வரும் இடத்தில் பெரிய சேமிப்பு. எப்போதாவது ஒருவர் வரும் சின்ன மருத்துவமனையில் மிச்சம் குப்பைக்குத்தான் போகும். தோல் மிச்சப்படுத்துவதைக் குப்பி தின்றுவிடுகிறது.

ஜனவரி 27

குரங்கம்மை ஊசியின் தழும்பு பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், முன்கையில் போட்டபோது சிவந்து, அரித்து, பலருக்கு வாரக்கணக்கில் அடையாளம் நின்றது. அதைப் பார்த்து மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டுச் சிலர் தயங்கினார்கள். அதனால்தான் முதுகின் மேற்பகுதியிலோ தோள்பட்டையிலோ போட்டுக்கொள்ள இடம் கொடுத்தார்கள். சரியான முடிவு. ஆடைக்குள் மறையும் இடத்தைக் கேட்பது வீம்பு இல்லை, அது அந்த மனிதரின் உரிமை.

பிப்ரவரி 2

ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "என் மகளுக்கு ஊசி என்றால் வீடே அதிரும். பேட்ச் வரும்வரை தட்டம்மை ஊசியைத் தள்ளிவைக்கலாமா?"

கூடாது. பேட்ச் வடிவத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற தடுப்பூசி இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. காம்பியா சோதனை நல்ல ஆரம்பம், ஆனால் சில நூறு பேரிடம் செய்தது. இனி ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் பார்க்க வேண்டும், பேட்சைக் கிருமியில்லாமல் கோடிக்கணக்கில் செய்யும் ஆலை வேண்டும். தட்டம்மையோ காற்றில் பரவுவது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அங்கே தொற்றும். உங்கள் நாட்டு அட்டவணையில் எந்த வயது போட்டிருக்கிறதோ அந்த வயதில் போட்டுவிடுங்கள். போடும்போது மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், படுக்கவைத்து அமுக்காதீர்கள். கைக்குழந்தையாக இருந்தால் பால் கொடுத்துக்கொண்டே போடச் சொல்லலாம், வலி நிஜமாகவே குறையும். செவிலியரிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார்.

தேதி தாண்டியிருந்தால் நாளைக்கே போங்கள்.